காசிம் பாய் கிட்டாருக்கு ஒரு ரிவர்ஸ் சுவிட்ச்

கடைக்குள்ள நுழைஞ்ச மொத நாளே நீங்க நாலு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீங்க. "அலமாரி மேல கருப்புப் பையில நீளமா என்னமோ இருக்கே, அது யாரோடதுக்கா?" நானும் "அதுல கை வைக்காதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டேன். இப்ப ரெண்டு கண்ணுலயும் ஆப்பரேஷன் முடிஞ்சு, அந்த மெல்லிசுக் கம்பியை எல்லாம் உங்க கையில ஒப்படைச்சிட்டு வீட்டுல உக்காந்தாச்சு. பேசுறதுக்கு நேரம் எம்புட்டோ கிடக்கு. அதனால சொல்லிடுதேன்.

நான் பாடம் நடத்த வரலை. சோல்டரிங் எப்படிப் பிடிக்கணும், காயில்ல எத்தனை சுத்து போடணும்னு உங்களுக்கே தெரியும். கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல படிச்சிட்டு வந்தவங்களுக்கு நான் அதுல என்னத்த சொல்ல. ஆனா கை பதறுற நேரத்துல எதைச் செய்யணும், எதைத் தொடாம விடணும்னு அங்க சொல்லிக் குடுக்க மாட்டாங்க. அதை நான் ரெண்டு பெரிய தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன். ரெண்டும் ஒரே கிட்டார்ல, ஒரே வாரத்துல பண்ணினது.

அப்ப நம்ம கடையில கிட்டார் கிடையாது. வெறும் மோட்டார் வைண்டிங் கடை. கூமாப்பட்டிப் பக்கமிருந்து தோட்டத்து மோட்டார் வரும். நம்ம ராஜபாளையம் மில்லுகள்ல இருந்து எரிஞ்சு போன சின்ன மோட்டார் வரும், சித்திரை வைகாசியில ஊர்ல உள்ள ஃபேன் எல்லாம் வரும். கிட்டாருன்னா நான் டிவியில பாத்ததோட சரி.

காசிம் பாய் எனக்குப் பழக்கமானதும் ஒரு ஃபேனாலதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஜார்ல குடையும் பேக்கும் விக்கிற கடை அவருக்கு. அய்யனார் கோவில் பக்கம் மழை எறங்கினா குடை ஓடும், ஜூன் மாசம் ஸ்கூல் பேக் ஓடும், முகூர்த்த நாள்ல பாய் கடையைப் பூட்டிட்டு கிட்டாரைத் தூக்கிட்டுப் போயிடுவார். கல்யாணக் கச்சேரி பண்ணுற ஒரு குழுவுல பதினெட்டு வருசமா வாசிக்கிறவர். ஒரு திங்கக்கிழமை ஃபேனை வாங்கிட்டுப் போக வந்தவர், முதுகுல கிட்டாரோட வந்தார்.

"அக்கா, இதுக்குள்ளயும் காயில்தான் இருக்கு. நீங்க பாப்பீங்களா?"

"பாய், சுத்துறதா இருந்தா நான் பாப்பேன். இது சுத்துமா?"

"சுத்தாது. சத்தம் போடும்."

"அதான் இப்பவே போடுதே. பொறவு என்ன?"

"ஒரே சத்தம்தான் போடுது. எனக்கு மூணு வேணும்."

சொல்லிட்டு சிரிச்சார். ஆனா மூஞ்சியில சிரிப்பு நிக்கலை. உக்காருங்கன்னு சொல்லி டீ வாங்கியாரச் சொன்னேன். பொறவுதான் விசயம் வெளிய வந்துச்சு.

அவங்க குழுவுக்குத் தலைவர் ஒரு கீபோர்டு மாஸ்டர். ரெண்டு கீபோர்டை அடுக்கி வச்சு வாசிக்கிறவர். கெட்ட மனுசன் இல்லை, ஆனா எதையும் சுத்தி வளைக்காம சொல்லிடுவார். அவர் பாய்கிட்ட சொல்லியிருக்கார்: "பாய், பழைய பாட்டுக்கு ஒரு கிட்டார் சத்தம், புதுப் பாட்டுக்கு ஒண்ணு, குத்துப் பாட்டுக்கு ஒண்ணு. மூணும் என் ரெண்டாவது கீபோர்டுல இருக்கு. உங்ககிட்ட ஒண்ணுதான இருக்கு. வேன்லயும் எடம் பத்தலை. வெள்ளிக்கிழமை ராஜபாளையத்துக் கல்யாணத்துக்கு வாங்க. பொறவு பாப்போம்."

பொறவு பாப்போம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அந்த வேன்ல டிரைவருக்குப் பின்னால ஜன்னலோர சீட்டு என்னுது அக்கா. பதினெட்டு வருசமா வேற யாரும் உக்காந்ததில்லை. கடையில உக்காந்து குடை விக்கும்போது கூட நான் அந்த வேன்லதான் இருக்கேன். அது போச்சுன்னா நான் வெறும் குடைக்காரன்தான்," அப்படின்னார். எனக்குச் சங்கடமாப் போச்சு. அந்த வார்த்தைக்குத்தான் நான் தெரியாத வேலையில கை வச்சேன்.

போன்ல ஒரு வீடியோ காட்டினார். ஒரு வெள்ளைக்காரர் பத்தே நிமிசத்துல கிட்டாரைத் திறந்து, கம்பியை மாத்தி, மூடி, வாசிச்சும் காட்டிட்டார். தந்திக்குக் கீழ இருக்கிற பிக்கப்புக்குள்ள ஒரு காந்தக் கட்டை, ரெண்டு காயில். பாய் கிட்டார்ல அப்படி ரெண்டு பிக்கப். தந்தி ஆடினா காயில்ல கரண்ட் வரும், அதை ஆம்ப் பெருசாக்கும். கரண்ட் குடுத்தா ஆடுறது நம்ம மோட்டார், ஆடினா கரண்ட் குடுக்கிறது இது. அம்புட்டுதான்னு எனக்குப் பட்டுச்சு. ரெண்டு காயிலும் சேந்து ஓடினா சத்தம் தடிமனா வரும். ஒண்ணை நிறுத்திட்டா மெல்லிசா, பளிச்சுன்னு வரும். அதுக்கு இழுத்து அமுக்குற மாதிரி ஒரு குமிழ் போடணும். அந்தக் குமிழை பாய் முன்னாடியே தபால்ல வரவழைச்சிருந்தார். ஒண்ணு கேட்டா ஜோடியாத்தான் அனுப்புவாங்களாம். ரெண்டு இருந்துச்சு.

"தடிமன் ஒண்ணு, மெல்லிசு ஒண்ணு. ரெண்டுதான ஆச்சு பாய், மூணாவது?"

"ரெண்டு கிடைச்சாலே மாஸ்டர் யோசிப்பார்க்கா."

சரின்னு வாங்கி வச்சேன். அன்னைக்கே பிக்கப்பை வெளிய எடுத்து, வேண்டிய வயரை எல்லாம் தனித்தனியா இழுத்துட்டேன். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. அப்பதான் பாலத்துப் பக்கம், அதாவது பாய் கை வச்சு வாசிக்கிற பக்கம் இருக்கிற பிக்கப்புல, காயில் செத்த லூசா இருக்கிறதைப் பாத்தேன்.

வைண்டிங்காரிக்கு லூசா இருக்கிற காயிலைக் கண்டா மனசு ஆறாது. மோட்டார்ல கம்பி லூசா இருந்தா உறுமும், உரசும், எரிஞ்சு போகும். வார்னிஷ்ல முக்கி, பல்புப் பெட்டிக்குள்ள வச்சு வேகவச்சாத்தான் காயில் கல்லு மாதிரி நிக்கும். ஒரு தகர டின்னுக்குள்ள ரெண்டு பெரிய பல்பு எரியும், அதான் எங்க அடுப்பு. பாய் அதைச் செய்யச் சொல்லலை. வீடியோவுலயும் அது இல்லை. நான் பாட்டுக்கு பிக்கப்பை வார்னிஷ்ல முக்கி, பல்பைப் போட்டுட்டு, நம்ம கை பட்ட சாமான்னா அப்படித்தான் இருக்கணும்னு பெருமையா வீட்டுக்குப் போயிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில டின்னைத் திறந்தா, ஒரு காயிலோட பிளாஸ்டிக் சட்டம் வெயில்ல காஞ்ச வடகம் மாதிரி வளைஞ்சு கிடந்துச்சு. மீட்டரை வச்சுப் பாத்தேன். முள்ளு அசையலை. பல்புக்குத் தள்ளி இருந்த காயில் மட்டும் பொழைச்சிருந்துச்சு. வெள்ளிக்கிழமை கல்யாணம்.

உண்மையைச் சொல்லுதேன். தபால்ல இன்னொரு சாமான் வரணும் பாய்னு ஒரு பொய்யைச் சொல்லி ரெண்டு நாள் ஓட்டலாமான்னு தோணுச்சு. தோணுறதுல தப்பில்லை, யாருக்கும் தோணும். போனைக் கையில எடுத்துட்டா பொறவு அந்தப் பொய் வாயில வராது. அதனால தப்பு நடந்தா மொத போன் சாமானுக்குச் சொந்தக்காரருக்குத்தான். சரி பண்ணிட்டுச் சொல்லுவோம்னு நெனைக்காதீங்க. அவருக்கு வேற ஏற்பாடு பண்ண அந்த நேரம் தேவைப்படும்.

நான் எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். பாய் கேக்கார்:

"அக்கா, காலையில சாப்பிட்டீங்களா?"

"எனக்கு எங்க எறங்குது."

"சாப்பிட்டுட்டு இருங்க. கடையில வீட்டுக்காரியை உக்கார வச்சிட்டு அடுத்த பஸ்ல வாரேன்."

வந்தார். கையில பால்கோவாப் பொட்டலம். அவர் கிட்டாரைக் கெடுத்தவளுக்கு அவரே இனிப்பு வாங்கிட்டு வந்திருக்கார். அந்த மனுசனுக்காக என்ன பாடுபட்டாலும் தகும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

அந்தக் காயில்ல இருந்தது தலைமுடியை விட மெல்லிசுக் கம்பி. மோட்டார் கடையில அதுக்கு எங்க போக. மில்லுல கழிச்சுப் போட்ட பழைய ரிலே சுவிட்ச்சு ஒண்ணு மூலையில கிடந்துச்சு. அதுக்குள்ள இருந்த காயிலைப் பிரிச்சுப் பாத்தா கிட்டத்தட்ட அதே கம்பி. சட்டத்துக்கு ஃபைபர் தகட்டை அறுத்து ராவி எடுத்தேன். ஃபேன் காயில் சுத்துற கைமிஷின்ல மாட்டிச் சுத்தினா, நானூறு சுத்துல அறுந்துச்சு. மறுபடி சுத்தினா ஆயிரத்துல அறுந்துச்சு. ஒரு கையில ஹேண்டில், ஒரு கையில கம்பி. ஹேண்டில் கொஞ்சம் வெட்டி இழுத்தாப் போதும், டப்புன்னு போயிடும்.

பாய் பாத்துக்கிட்டே இருந்தவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார். "அக்கா, ஹேண்டிலை என்கிட்ட குடுங்க. நீங்க கம்பியைப் பாருங்க."

நம்ம ஊர் பேண்டேஜ் துணியை நாலா மடிச்சு, அதுக்கு நடுவுல கம்பியை ஓட விட்டேன். விரலுக்கும் இதமா இருக்கும், கம்பிக்கும் இதமா இருக்கும். பாய் வாய்க்குள்ள ஏதோ ஒரு பாட்டை முனகிக்கிட்டே சுத்த ஆரம்பிச்சார். பதினெட்டு வருசம் தாளம் பிடிச்ச கை. ஒரே சீரா ஓடுது. ஆயிரம் போச்சு, ரெண்டாயிரம் போச்சு, அறுந்தே போகலை. இடையில குஷியாகி குத்துப் பாட்டுக்கு மாறிட்டார். "பாய், மெதுவாப் பாடுங்க, கம்பி ஆடுது"ன்னு நான் கத்த, ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பாத்துட்டுப் போனார். நாலாயிரத்து நானூறுல ரிலே கம்பி தீந்து போச்சு. பழைய காயில்ல ஐயாயிரம் இருந்திருக்கும். நம்ம வைண்டிங் அழகா வரிசையா இல்லை, கோணல் மாணலா ஏறியிருந்துச்சு. மோட்டாருக்கு அப்படிச் சுத்தினா எங்க கடையில அடி விழும். வேற வழியில்லை, மாட்டிப் பாத்தோம்.

பாய் ஒரு தட்டு தட்டினார். தட்டிட்டு என்னைப் பாத்தார். "அக்கா, முன்னால இருந்ததைவிட நல்லா இருக்கு." எனக்கு வித்தியாசம் தெரியலை, ஆனா அவர் கண்ணு கலங்கினது தெரிஞ்சுது.

வியாழக்கிழமை எல்லாத்தையும் பூட்டிட்டு சோதனை பண்ணினேன். இந்தப் பிக்கப் தனியா, சரி. அந்தப் பிக்கப் தனியா, சரி. குமிழை இழுத்தா மெல்லிசு, அமுக்கினா தடிமன், சரி. ரெண்டு மோட்டார் தனித்தனியா நல்லா ஓடினா ரெண்டும் நல்ல மோட்டார்தான். அந்தப் புத்தியிலயே கிட்டாரைக் குடுத்து அனுப்பிட்டேன். ரெண்டு பிக்கப்பையும் சேத்து ஓட விடுற நடு சுவிட்ச்சு ஒண்ணு இருக்கு. அதை நான் தட்டிப் பாக்கவே இல்லை. பாயோட சின்ன ஆம்ப் கடையிலயே தங்கிட்டதால வீட்டுல அவரும் பாக்கலை.

வெள்ளிக்கிழமை பாய் என்னையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார். காலையில முகூர்த்தம், பதினோரு மணிக்குக் கச்சேரி. பொண்ணு வீட்டுக்காரங்க தெலுங்கு பேசுறவங்க, பெரிய குடும்பம். நான் பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு, கையில டூல்ஸ் பையையும் எடுத்துக்கிட்டேன். அதை எடுத்துட்டுப் போகாம எனக்கு எந்தக் கல்யாணத்துக்கும் போய்ப் பழக்கமில்லை.

மொத பந்தி உக்காந்த நேரம், மேடையில சத்தம் சரி பாத்தாங்க. பாய் தடிமனா ஒண்ணு வாசிச்சார். குமிழை இழுத்து மெல்லிசா ஒண்ணு வாசிச்சார். மாஸ்டர் கண்ணாடிக்கு மேல பாத்தார். பொறவு பாய் நடு சுவிட்ச்சைத் தட்டினார். பாதிப் பாட்டுக்கு அவர் வாசிக்கிறது அந்த நடு சத்தத்துலதான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசினா எப்படி இருக்கும், அப்படி வந்துச்சு. உடம்பே இல்லாத சத்தம்.

"என்ன பாய், கிட்டாருக்கு ஜலதோசமா?" அப்படின்னார் மாஸ்டர். "பரவாயில்லை, விடுங்க. அதை நான் கீபோர்டுல வாசிச்சிடுதேன்."

பாய் மூஞ்சி செத்துப் போச்சு. அவர் என்னைத் திட்டியிருந்தாக் கூட எனக்கு அம்புட்டு வலிச்சிருக்காது.

எனக்கு ஒரு நிமிசத்துல புரிஞ்சு போச்சு. தனித்தனியா நல்லா இருக்கு, சேந்தா சண்டை போடுது. ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. பிக்கப்பைப் பிரிச்சு மறுபடி கோத்தப்ப காந்தக் கட்டையைத் தலைகீழா வச்சிருக்கேன். நான் காலமெல்லாம் பாத்த மோட்டார்ல காந்தக் கட்டையே கிடையாது. கம்பியில கரண்ட் போனாத்தான் அது காந்தம். கட்டைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கும்னு என் புத்தியில ஏறவே இல்லை.

மொதல்ல கை எங்க போச்சு தெரியுமா? ஸ்க்ரூ டிரைவருக்கு. பிக்கப்பைப் பிரி, காந்தத்தைத் திருப்பு. அந்த முடிக் கம்பியை இந்தக் கூட்டத்துக்கு நடுவுல திறந்தா என்ன ஆகும்னு யோசிக்காமலே திருகாணியில வச்சிட்டேன். அப்பதான் கூமாப்பட்டித் தோட்டத்துக்காரர் ஞாபகம் வந்தார்.

நான் தொழிலுக்கு வந்த மொத வருசம் அவர் கிணத்து மோட்டாரை வைண்டிங் பண்ணிக் கொண்டு போய் மாட்டினேன். ஓடுது, ஆனா தண்ணி ஒழுகுற மாதிரிதான் வருது. பயந்து போய் மோட்டாரைக் கழத்த ஸ்பேனரை எடுத்துட்டேன். அவர் வரப்புல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டே, "ஏட்டி தாயி, செத்த நேரம் நில்லு. ஓடுதா இல்லையா?"ன்னார். ஓடுதுன்னேன். "அப்ப உன் வேலை நல்லாத்தான் இருக்கு. திரும்பி ஓடுது, அம்புட்டுதான். வெளிய ஸ்டார்ட்டர்ல ரெண்டு வயரை மாத்திப் போடு. வெளிய நின்னு முடிக்கிற வேலைக்கு எதுக்கு உள்ள போறே?" மாத்திப் போட்டேன், தண்ணி வாய்க்கால் நிறைய வந்துச்சு. அவர் பேரைக் கூட நான் கேட்டு வச்சுக்கலை. தொழில்ல எனக்குக் குருன்னா அவர்தான்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வச்சிட்டேன். பிக்கப்பைத் திறக்காம, அதுல இருந்து வெளிய வர்ற ரெண்டு வயரை இடம் மாத்தி வச்சாப் போதும், ரெண்டு நிமிச வேலை. சோல்டரிங்கைச் சூடு பண்ண ப்ளக்குல சொருகினேன். அது சூடாகுற நேரத்துல பாய் சும்மா இருக்க முடியாம, அந்த மூக்குச் சத்தத்துலயே ஒரு பழைய பாட்டோட ஆரம்பத்தை மெதுவா வாசிச்சார். மனசு சரியில்லாதவங்க நகத்தைக் கடிக்கிறதில்லையா, அப்படித்தான் வாசிச்சார்.

ஓரமா டீ குடிச்சுக்கிட்டு இருந்த பாடுற அம்மா சட்டுன்னு திரும்பினாங்க. "பாய், இது எந்தக் கிட்டாரு? சின்ன வயசுல ரேடியோல கேட்ட சத்தம்லா இது."

பொண்ணோட பெரியப்பா நாற்காலி போடுறதைப் பாத்துக்கிட்டு நின்னவர், மேடை ஓரத்துக்கே வந்துட்டார். "பாகுந்தி. ரொம்ப நல்லா இருக்கு. இந்தப் பாட்டைக் கட்டாயம் வாசிக்கணும், இதே மாதிரி."

நான் சோல்டரிங்கைக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். எனக்கு அது பழுது. அவங்களுக்கு அது பாட்டு. இப்ப வயரை மாத்திப் போட்டா பழுது போயிடும், கூடவே அந்தச் சத்தமும் போயிடும். மாத்தாம விட்டா பாதிப் பாட்டு போயிடும்.

மில்லுல சாமான் தூக்குற மிஷின் இருக்கும். அதுக்கு ஒரு சுவிட்ச்சு உண்டு. இந்தப் பக்கம் திருப்பினா ஏத்தும், அந்தப் பக்கம் திருப்பினா எறக்கும். வயர் சேக்க ஆறு கால், குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ரெண்டு வயர். ரிவர்ஸ் சுவிட்ச்சுன்னு அதை நான் நூறு தடவையாவது கட்டியிருப்பேன். ஜோடியா வந்த குமிழ்ல மிச்சம் ஒண்ணு என் பையிலதான் கிடந்துச்சு. எடுத்துத் திருப்பிப் பாத்தேன். ஆறு கால்.

பாயை ஓரமாக் கூப்பிட்டேன். "பாய், ரெண்டு வழி இருக்கு. இப்பவே வயரை மாத்தினா ரெண்டு நிமிசம், ஆபத்தில்லை, உங்களுக்கு ரெண்டு சத்தம். ரிவர்ஸ் சுவிட்ச்சு போட்டா மூணு சத்தம். அரை மணி நேரம் ஆகும். தப்பாப் போச்சுன்னா கச்சேரிக்குக் கிட்டாரே இல்லை. சீட்டும் போயிடும்."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"நான் போடலாம்ங்கேன். ஆனா ரெண்டாம் பந்தி எந்திரிக்கிற வரைக்கும்தான் எனக்கு நேரம். அதுக்குள்ள முடியலைன்னா, பாதியில விட்டுட்டு நேரா மாத்திக் குடுத்திடுவேன். அப்ப மல்லுக்கு நிக்கக் கூடாது. நீங்களும் நிக்கக் கூடாது, நானும் நிக்கக் கூடாது."

இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. துணிஞ்சு எறங்குறது பெரிய விசயமில்லை. எப்ப ஏறி வரணும்னு எறங்குறதுக்கு முன்னால சொல்லிடணும், அதுவும் சொந்தக்காரர் காதுல விழுற மாதிரி சொல்லணும். பாதியில நிக்கும்போது நம்ம புத்தி நம்மகிட்ட இருக்காது.

பந்திக்குப் பக்கத்து அறையில, வாழையிலைக் கட்டுக்கும் தேங்காய் மூட்டைக்கும் நடுவுல கிட்டாரைக் குப்புறப் போட்டேன். பாய் போன்ல டார்ச் அடிச்சார். கிட்டார்ல மாத்தாம மிச்சமிருந்த பழைய குமிழைக் கழத்தியாச்சு, அந்த எடத்துல புதுசை மாட்டியாச்சு. குறுக்கு வயரை வைக்கும்போது பாத்தா எனக்குக் கை நடுங்குது. முப்பது குதிரைச் சக்தி மோட்டாரைப் பிரிச்ச கை, ஒரு விரல் அளவு குமிழைப் பாத்து நடுங்குது. வெளிய "சாம்பார், சாம்பார்"னு சத்தம். ரெண்டாம் பந்தி ரசத்துக்கு வந்துட்டாங்களோன்னு எனக்குப் பதட்டம்.

"பாய், ஹேண்டில் சுத்தும்போது ஒண்ணு பாடினீங்கல்ல, அதைப் பாடுங்க."

"இப்பவா அக்கா?"

"இப்பத்தான். குத்துப் பாட்டுக்குப் போயிடாதீங்க."

பாய் முனக ஆரம்பிச்சார். அந்தத் தாளத்துக்குக் கை தானா நின்னுச்சு. ஒரு கால், ரெண்டு கால், ஆறு காலும் முடிஞ்சுது. மூடிட்டு நிமிர்ந்தப்ப மோர் ஊத்திக்கிட்டு இருந்தாங்க.

இந்தத் தடவை எல்லா சுவிட்ச்சையும் தட்டிப் பாத்தேன். தனியா, சேத்து, இழுத்து, அமுக்கி, ஒண்ணு விடாம பாத்தேன். நடு சுவிட்ச்சைத் தட்டிட்டுப் புதுக் குமிழை அமுக்கினா நிறைஞ்ச சத்தம். இழுத்தா அந்த ரேடியோச் சத்தம். பாய் என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு மேடைக்கு ஓடிட்டார்.

கச்சேரியைப் பத்தி என்ன சொல்ல. குத்துப் பாட்டுக்குத் தடிமனா வந்துச்சு, சின்னப் பசங்க எல்லாம் முன்னால வந்து ஆடினாங்க. புதுப் பாட்டுக்கு மெல்லிசா வந்துச்சு. மேடையைச் சுத்தி சீரியல் லைட்டு எரிஞ்சதுல அந்த மெல்லிசு செத்த இரைஞ்சுது. ஒரு காயிலை நிறுத்தினா அந்த இரைச்சல் இருக்கத்தான் செய்யும். பாய் பாட்டு நிக்கிற இடத்துல எல்லாம் குமிழை அமுக்கிச் சமாளிச்சார், அதை நான் சொல்லிக் குடுக்கலை. பொறவு பெரியப்பா கேட்ட பழைய பாட்டு. பாய் ரெண்டாவது குமிழை இழுத்தார். மாஸ்டர் பழக்கத்துல ரெண்டாவது கீபோர்டு மேல கையை வச்சார். நாலு தட்டு கேட்டார். கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டார். பாட்டு முடியுற வரைக்கும் அந்தக் கை அங்கதான் இருந்துச்சு. பெரியப்பா சம்பந்தி வீட்டுக்காரரை இழுத்துட்டு வந்து முன் வரிசையில உக்கார வச்சு, "பாகுந்தி, பாகுந்தி"ன்னு தொடையில தாளம் போட்டார். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பந்தியில போய் ரெண்டு தடவை பாயாசம் வாங்கிக் குடிச்சேன்.

கச்சேரி முடிஞ்சதும் மாஸ்டர் நேரா என்கிட்ட வந்தார். "அந்த மூணாவது சத்தத்தை எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கலை. காந்தத்தைத் தலைகீழா வச்சிட்டேன். தப்பை மறைக்க முடியலை, அதனால சுவிட்ச்சு போட்டேன்."

மனுசன் கண்ணாடியைக் கழத்தித் துடைச்சுக்கிட்டே சிரிச்சார். சிரிச்சிட்டு வேன் பக்கம் திரும்பினார். டிரம்ஸு, ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. பாய் கிட்டாரை முதுகுல மாட்டிக்கிட்டு தள்ளி நிக்கார். ஏறுறதா வேண்டாமான்னு தெரியாம நிக்கார். ரெண்டாவது கீபோர்டு எப்பவும் போல அந்த ஜன்னலோர சீட்டுக்கு முன்னால கால் வைக்கிற எடத்துல நட்டுக்குத்தா நின்னுச்சு. அதுக்கு இன்னும் எடம் வேணும்னுதான் இம்புட்டும்.

மாஸ்டர் அதைப் பாத்தார், பாயைப் பாத்தார். "இதை எறக்குங்கப்பா," அப்படின்னார். பொறவு என்னைப் பாத்து, "அம்மா, உங்க கடையில இது செத்த நாள் இருக்கட்டும். பாய்க்குக் காலை நீட்ட எடம் வேணும்."

பாய் ஏறினார். ஜன்னல் வழியா கையை ஆட்டிக்கிட்டே போனார், மண்டபத்து முக்கு திரும்புற வரைக்கும் ஆட்டினார். நான் பட்டுச் சேலையோட, இடுப்புல கீபோர்டைத் தூக்கிக்கிட்டு ஆட்டோ பிடிச்சு கடைக்கு வந்தேன்.

அந்தக் கருப்புப் பை அதுதான். மாஸ்டர் பொங்கலுக்குப் பொங்கல் நம்ம கடைக்கு வருவார், டீ குடிப்பார், அண்ணாந்து அதைப் பாப்பார், கேக்காமலே போயிடுவார். நீங்க தூசி தட்டலாம், துணியை மாத்தலாம். கீழ மட்டும் எறக்கிடாதீங்க. அது மேல இருக்கிற வரைக்கும் பாய் ஜன்னலோரத்துல காலை நீட்டிக்கிட்டுப் போறார்.